கோரிப்பாளையம் சந்திப்பை நடந்து கடக்க வழி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேம்பாலப் பணிக்காக அடைக்கப்பட்ட மதுரை கோரிப்பாளையம் சந்திப்பின் நடைவழிகளைப் பணிக்குப் பின் முன்போல் திறந்துவிடுவதா, அல்லது தடுப்புகளை நிரந்தரமாக்கி, நடப்பவர்களுக்கென்று ஒரு நடைமேம்பாலம் கட்டி அதில் ஏற்றிவிடுவதா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். செல்லூரில் குடியிருந்து, அந்தச் சந்திப்பை அன்றாடம் நடந்தே கடக்கும் ஒருவன் என்ற முறையில் என் கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறேன். தரைமட்டத்திலேயே, சிக்னல் விளக்குடன், எல்லாத் திசைகளிலும் மக்கள் கடந்து செல்ல வழி வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அந்த இடத்தில் நடப்பவர்கள் யார் என்பதிலிருந்து இந்த விவாதம் தொடங்கியிருக்க வேண்டும். இதுவரை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாகனங்களின் எண்ணிக்கையைப் பற்றியும் நெரிசலைப் பற்றியுமே பேசுகின்றன. கோரிப்பாளையத்தின் ஒரு பக்கம் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று தொடங்கி இன்றுவரை மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரியாகவே இருந்து வருவது. மதுரை மட்டுமல்லாமல் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். மறுபக்கம் அமெரிக்கன் கல்லூரி. சற்றுத் தள்ளி மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி. இடையில் கோரிப்பாளையம் தர்கா. ஆற்றைத் தாண்டினால் சிம்மக்கல், யானைக்கல் கடைவீதிகள். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு சந்திப்பில் நடப்பவர் கூட்டம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதியினர் உடல்நலம் குன்றியவர்கள், அவர்களோடு துணைக்கு வந்தவர்கள், முதியவர்கள், மாணவிகள்.

பனகல் சாலை முனையில் ஒரு அரைமணி நேரம் நின்று பார்க்குமாறு எதிர்த்தரப்பு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வார்டிலிருந்து மருந்துச் சீட்டோடு வெளியே வரும் பெண்மணி, எதிர்ப்புற மருந்துக் கடைக்குப் போக வேண்டும். ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் எக்ஸ்ரே படம் வைத்த பெரிய உறை. வாகனங்கள் நிற்காதபோது அந்த உறையையே மேலே தூக்கிப் பிடித்து, ஓட்டுநர்களைப் பார்த்துக் காட்டியபடி சாலையில் இறங்குகிறார். அவருக்குப் பின்னால், கையில் ஊசி குத்திய இடத்தில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் கணவர், அவருடைய சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு வருகிறார். தடுப்புகளின் இடையே யாரோ விலக்கி வைத்த ஓர் ஆள் நுழையும் இடைவெளி வழியாக இருவரும் பக்கவாட்டில் திரும்பி நுழைகிறார்கள். இப்படிக் கடப்பவர்களை ஒழுங்கு தெரியாதவர்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. வழி இருந்தால் அந்தப் பெண்மணி வழியில்தான் போவார்.

நடைமேம்பாலம் கட்டினால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. பேருந்துகளும் லாரிகளும் அடியில் போக வேண்டுமானால் அப்படியொரு பாலத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். அதன் மேல் தளத்தின் கனத்தையும் சேர்த்து, ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால், ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. இதய நோய்ப் பிரிவில் காட்டிவிட்டு வருபவரையும், மகப்பேறு வார்டிலிருந்து கைக்குழந்தையோடு வருபவரையும், மாவுக்கட்டுப் போட்ட காலோடு வருபவரையும் மருத்துவமனை வாசலிலேயே எண்பது படி ஏறி இறங்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்? லிப்ட் வைக்கலாம் என்பார்கள். பொது இடத்து லிப்டுகள் எத்தனை நாள் ஓடுகின்றன, மின்சாரம் போனால் என்ன ஆகிறது, பழுதானால் எத்தனை நாள் பூட்டிக் கிடக்கின்றன என்பதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுரங்கப்பாதை வேண்டும் என்பவர்கள், ஒரு நல்ல மழைக்குப் பிறகு மணிநகரம் கர்டர் பாலத்தின் அடியில் நிற்கும் தண்ணீரை நினைத்துப் பார்த்தால் போதும். வைகைக் கரையோரத்தில் பள்ளம் தோண்டிப் பாதை அமைப்பது அதைவிடச் சுலபமாக இருக்கப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேருந்திலும் ஷேர் ஆட்டோவிலும் வருபவர்களும் இறங்கியதும் நடப்பவர்கள்தான். காலையில் சாலையின் ஒரு பக்கத்தில் இறங்குபவர், மாலையில் ஊர் திரும்ப எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குத்தான் போயாக வேண்டும். ஆகவே ஒரு நாளில் ஒரு முறையாவது அவர் அந்தச் சந்திப்பைக் கடக்காமல் வீடு திரும்ப முடியாது. தடுப்பை நிரந்தரமாக்கினால், பேருந்தைக் கைவிட்டு இருசக்கர வாகனம் வாங்குபவர்களின் எண்ணிக்கைதான் கூடும்; அந்த வாகனமும் இதே சந்திப்புக்குத்தான் வந்து நிற்கும்.

நெரிசல் அதிகமாகும் என்ற வாதத்துக்கு வருகிறேன். தமுக்கம் பக்கத்திலிருந்து வைகையைக் கடந்து நெல்பேட்டை வரையும், செல்லூர் நோக்கி ஒரு கிளையுமாக இந்த மேம்பாலம் திட்டமிடப்பட்டதே, சந்திப்பில் நிற்க வேண்டிய தேவையில்லாத வாகனங்களை மேலே அனுப்பிவிடுவதற்காகத்தான். நேராகப் போகிறவை மேலே போய்விட்டால், கீழே எஞ்சுவது மருத்துவமனைக்கும் கல்லூரிகளுக்கும் கடைகளுக்கும் வருகிற உள்ளூர்ப் போக்குவரத்து. அதன் வேகத்தையும் வசதியையும் மட்டும் கருதி, கீழ்த்தளத்தையும் விரைவுச்சாலையாக்குவதானால் பாலத்துக்குச் செலவிட்ட பொதுப்பணத்தின் பயன் பாதி வீணாகிறது என்றுதான் பொருள். மேலே வாகனத்துக்கு வழி கொடுத்தாகிவிட்டது. கீழே கால்களுக்கு வழி கொடுப்பதில் யாருக்கு என்ன இழப்பு?

நடப்பவர்களுக்காகத் தனியே நேரம் ஒதுக்கினால் சிக்னலில் காத்திருப்பு இரட்டிப்பாகும் என்று எழுதப்பட்டிருந்தது. இது முழுவதும் சரியன்று. ஒரு திசை வாகனங்கள் நிற்கும்போது, அந்த வாகனங்களுக்கு முன்னால் இருக்கும் சாலையை மக்கள் கடந்துகொள்ளலாம். அதற்குப் புதிதாக நேரம் எதுவும் தேவையில்லை. ஆரோக்கியமான ஒருவர் நொடிக்கு சுமார் 1.2 மீட்டர் நடப்பார் என்பது போக்குவரத்துப் பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. சாலை 20 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் கடக்கப் பதினேழு நொடி. முதியவரும் நோயாளியும் நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலும் இருபத்தைந்து நொடி போதும். நடுவில் ஏறி நிற்க ஓர் அகலமான திட்டு இருந்தால், பாதியில் விளக்கு மாறினாலும் அவர் அங்கே பாதுகாப்பாக நின்றுகொள்வார். உண்மையில் அங்கே ஆபத்தானது, சிவப்பு விழுந்த பிறகும் ஓயாமல் இடதுபுறம் திரும்பிக்கொண்டே இருக்கும் வாகன வரிசைதான். எல்லாத் திசையும் நின்றாலும் அந்த வரிசை நிற்பதில்லை. முனையில் காத்திருப்பவர் முதல் அடியையே எடுத்து வைக்க முடிவதில்லை. இந்தச் சந்திப்பில் மட்டுமாவது இடதுபுறம் திரும்புபவர்களும் சிவப்புக்கு நிற்க வேண்டும் என்று விதித்தால், பிரச்சினையில் பெரும்பகுதி அன்றைக்கே தீரும். அதற்குப் பாலமும் வேண்டாம், லிப்டும் வேண்டாம்.

எதிர்த்தரப்பில் எழுதியவர்களின் வாதங்களில் நான் மிகவும் மதிப்பது ஆம்புலன்ஸ் குறித்தது. பெரியாஸ்பத்திரிக்கு 108 வண்டிகள் இரவு பகலாக வருகின்றன. மக்கள் குறுக்கே நடந்தால் அவை தாமதமாகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சந்திப்பில் ஆம்புலன்ஸ் எதில் சிக்கி நிற்கிறது என்று கவனித்தவர்களுக்குத் தெரியும்: கார்களிலும் பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும்தான். சைரன் கேட்டதும் விலகுவதில் மனிதனைவிட விரைவானது எதுவும் இல்லை. அழகர் தல்லாகுளத்திலிருந்து கோரிப்பாளையம் வழியாக வைகைக்கு இறங்கும் நாளில், காலடி வைக்க இடமில்லாமல் மக்கள் நிறைந்திருக்கும் அதே சாலையில் ஆம்புலன்ஸுக்குக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிடுவதை மதுரையில் பார்க்காதவர் இருக்க முடியாது. அதோடு, ஆம்புலன்ஸ் வரும்போது எல்லா விளக்குகளையும் சிவப்பாக்கி அதற்கு மட்டும் பச்சை கொடுக்கும் ஏற்பாடு இன்று எளிதில் செய்யக்கூடியதே. அதையும் இந்தச் சந்திப்பின் வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று எதிர்த்தரப்பினரும் நாமும் ஒரே குரலில் கேட்கலாம்.

இத்தகைய விவாதம் மதுரைக்கு மட்டும் வந்ததன்று. கனடாவில் வின்னிபெக் என்ற நகரத்தின் நடுமையத்தில் போர்ட்டேஜ், மெயின் என்ற இரண்டு பெருஞ்சாலைகள் கூடும் சந்திப்பு உண்டு. 1979-இல் அந்தச் சந்திப்பை கான்கிரீட் தடுப்புகளால் அடைத்து, நடப்பவர்களை நிலத்தடிப் பாதைக்கு அனுப்பினார்கள். கடுங்குளிர் நாடு அது. கதகதப்பான நிலத்தடி வழி அங்கே ஒரு வசதி என்றுகூடச் சொல்லலாம். அப்படியிருந்தும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் முதியவர்களும் பட்ட சிரமம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. 2018-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் திறக்க வேண்டாம் என்றே வாக்களித்தார்கள். பிறகு நிலத்தடிப் பாதைக்குள் நீர் கசியாமல் காக்கும் படலத்தைப் புதுப்பிக்கச் சுமார் 7.3 கோடி கனடிய டாலர் ஆகும் என்ற மதிப்பீடு வந்தது; 2024-இல் நகர மன்றம் திறக்க முடிவு செய்தது; 2025 ஜூன் இறுதியில், 46 ஆண்டுகளுக்குப் பிறகு, மக்கள் அந்தச் சந்திப்பைத் தரையில் நடந்து கடந்தார்கள். ஒரு முறை கான்கிரீட் போட்டுவிட்டால் அதை எடுக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். நம் சந்திப்பில் இன்னும் அந்தக் கான்கிரீட் விழவில்லை. பெரும்பான்மையோர் வேண்டாம் என்று ஒரு காலத்தில் சொன்னதும் மாறக்கூடியதுதான் என்பதையும் நம் ஊர் வாகன ஓட்டிகள் எண்ணிப் பார்க்கலாம்.

சட்டத்தின் நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தடையற்ற, மாற்றுத்திறனாளிகளுக்கும் உகந்த நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்த பாதசாரிகள் 32,825 பேர் என்று மத்திய அரசின் அறிக்கையே கூறுகிறது. நடப்பவரைச் சாலையிலிருந்து விலக்கி வைப்பதே பாதுகாப்பு என்று சொல்பவர்கள், தடுப்பு வைத்த இடங்களில் மக்கள் அதை ஏறிக் குதித்தும் இடைவெளியில் நுழைந்தும் கடக்கிறார்கள் என்பதையும், ஓட்டுநர் எதிர்பாராத இடத்தில் ஆள் வருவதே உயிரிழப்புக்கு வழிவகுக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் ஊரின் பழைய வீதிகள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக, நடந்து வலம் வருவதற்கென்றே அமைந்தவை. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்களைத் தடை செய்தபோது வணிகம் படுத்துவிடும் என்று அஞ்சியவர்கள் உண்டு. இன்று அந்த வீதிகளில் மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். கோரிப்பாளையத்தில் வாகனங்களையே தடை செய்யுமாறு நாம் கேட்கவில்லை. ஒரு சிக்னல் சுற்றில் சில நொடிகளைத்தான் கேட்கிறோம்.

ஆகவே மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல் துறை ஆகிய மூன்று தரப்பினரும் சேர்ந்து, மேம்பாலத்தின் கீழ்த்தளத்துக்கான வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மையத் தடுப்புகள் எழுப்பப்படும் இடங்களில், பனகல் சாலை முனையிலும் கல்லூரி முனையிலும் வைகையைக் கடக்கும் ஏ.வி. பாலம் இறங்கும் முனையிலும் செல்லூர் பக்கத்திலும், சக்கர நாற்காலியும் ஸ்ட்ரெச்சரும் தட்டாமல் போகும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். அந்த இடங்களில் சாலையோடு சமமாக இறங்கும் சரிவும், நடுவில் நிற்கத் திட்டும், நடப்பவர்களுக்கான பச்சை விளக்கும், பார்வையற்றோருக்கு ஒலிக்குறிப்பும் இருக்க வேண்டும். பேருந்து நிறுத்தங்களை அந்தக் கடக்கும் இடங்களுக்கு அருகிலேயே அமைக்க வேண்டும். இவற்றில் ஐயம் உள்ளவர்களுக்காக, நிரந்தரத் தடுப்பு கட்டுவதற்கு முன் மூன்று மாத காலம் இந்த ஏற்பாட்டைத் தற்காலிகமாக நடத்திப் பார்க்கட்டும். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரையிலும், மாலை மருத்துவமனையில் பார்வையாளர் நேரத்திலும், கடந்தவர்கள் எத்தனை பேர், வாகனங்கள் காத்திருந்த நேரம் எவ்வளவு என்று இரண்டையும் எண்ணி, அந்தக் கணக்கைத் தங்கள் நாளிதழிலேயே வெளியிடட்டும். கணக்கு எங்களுக்கு எதிராக வந்தால் அதன் மேல் பேசலாம். இதுவரை நடப்பவர்களை யாரும் எண்ணியதாகவே தெரியவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செல்லூர், மதுரை.