ஓக்லாந்தில் இருக்கும் மகளுக்கு

ராயபுரம், சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்துக்கொண்ட புகைப்படத்தை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாளும் பார்த்து வாழ்த்திவிட்டுப் போனாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குப் போனில் மாப்பிள்ளை சொன்ன ஒரு வார்த்தை மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஒரு அரசாங்கம் போருக்குப் போகிறதென்றால் நமக்குத் தெரியாத தகவல் ஏதாவது அவர்கள் கையில் இருக்கும் மாமா" என்றார். நீயும் "ஆமாம்ப்பா" என்றாய். போனில் மறுத்துப் பேசினால் என் குரல் உயரும், அம்மா முறைப்பாள். அதனால்தான் இந்தக் கடிதம். இனி நீ அந்த நாட்டில் ஓட்டுப் போடப்போகிறவள் இல்லையா?

தகவல் அவர்கள் கையில் இருக்கும் என்பது வாஸ்தவம். அதைத்தான் நமக்குச் சொல்கிறார்களா என்பதே என் கேள்வி.

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்தவன் நான். கப்பலிலிருந்து எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை கிழிந்தது, எத்தனை குறைந்தது என்று எண்ணி எழுதுவதே பிழைப்பு. ஒரே சரக்குக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். சுங்கத்துக்குக் காட்ட ஒன்று, முதலாளி பார்க்க ஒன்று. அதனால் கம்போடியா விவகாரத்தைப் படித்தபோது எனக்குப் புரிந்துகொள்ளச் சிரமமே இருக்கவில்லை.

வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1969 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனின் அரசு பக்கத்து நாடான கம்போடியாவில் குண்டு போடத் தொடங்கியது. அது நடுநிலை நாடு. அதன்மேல் அமெரிக்கா போர் அறிவிக்கவில்லை. 14 மாதங்கள் பி-52 என்ற குண்டுவீச்சு விமானங்கள் குண்டுகளைக் கொட்டின. தென் வியட்நாமில் பியன் ஹோவா என்ற இடத்தில் இருந்த ராடார் நிலையத்தில் ஹால் நைட் என்ற ராணுவ அதிகாரி பணியில் இருந்தார். மாலையில் தென் வியட்நாமின் தலைநகர் சைகோனிலிருந்து ஓர் உறை வரும். அதில் உண்மையான இலக்குகள் இருக்கும். இரவு விமானங்கள் வந்ததும் அந்த இலக்குகளுக்குத் திருப்பிவிடுவார்கள். விடிவதற்குள் கணக்குப் போட்ட தாள், கிறுக்கிய தாள் என்று ஒன்று விடாமல் திரட்டி எரித்துவிட வேண்டும். பிறகு, குண்டுகள் வியட்நாமுக்குள்ளேயே விழுந்ததாகப் பொய்யான அறிக்கை எழுத வேண்டும். 1973இல் செனட் குழுவின் முன் அவரே சொன்ன சாட்சியம் இது.

யாரிடமிருந்து இதை மறைத்தார்கள்? குண்டு யார் தலையில் விழுந்ததோ அந்தக் கம்போடிய விவசாயிக்கு அது ரகசியமில்லை. எதிரியான வட வியட்நாமின் தலைநகர் ஹனோயில் இருந்தவர்களுக்கும் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் அமெரிக்கர்கள்தான். நைட்டும் இந்தக் கேள்வியைத் தன் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். செனட்டின் வெளியுறவுக் குழுவிடமிருந்து மறைப்பதாக இருக்கும் என்றுதான் பதில் வந்ததாம்.

மாப்பிள்ளை இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். போர்ப் பொய் எதிரியை ஏமாற்றுவதற்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிரிக்குத்தான் உண்மை முதலில் தெரியும். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. சபையில் ஒரு சிறு குப்பியைத் தூக்கிக் காட்டி ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிப் பேசினாரே, தன் கிடங்குகளில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது சதாம் ஹுசேனுக்குத் தெரியாதா? அந்தப் பேச்சு வரி கட்டுகிறவனுக்காகவும் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிறவளுக்காகவும் பேசப்பட்டது.

சரி, உள்நோக்கம்தான் என்ன? நம் தெருமுனை டீக்கடையில் கேட்டால் "எல்லாம் எண்ணெய்க்காக" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் எல்லாப் பூட்டுக்கும் அந்த ஒரே சாவியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1971இல் டேனியல் எல்ஸ்பெர்க் வெளியே கொண்டுவந்த பென்டகன் ஆவணங்களில், அதாவது வியட்நாம் போர் பற்றிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ரகசியத் தாள்களில், 1965 மார்ச் மாதக் குறிப்பு ஒன்று இருக்கிறது. எழுதியவர் பாதுகாப்புத் துறையின் ஜான் மெக்நாட்டன். வியட்நாமில் நம் நோக்கங்கள் என்று சதவீதம் போட்டே எழுதியிருக்கிறார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70; சீனர் கைக்கு அந்தப் பகுதி போகாமல் தடுப்பது 20; தென் வியட்நாம் மக்கள் நல்வாழ்வு வாழ்வது 10. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 7 அன்று, ஜனாதிபதி ஜான்சன் மேடையேறி, எங்களுக்கென்று எதுவும் வேண்டாம், தென் வியட்நாம் மக்கள் தங்கள் நாட்டைத் தாங்களே நடத்த வேண்டும் என்பதே எங்கள் விருப்பம் என்று பேசினார். பத்து சதவீதத்தை நூறாக்கி விற்றார்கள். அந்த 70 எண்ணெய் இல்லை, ரப்பர் இல்லை. வெறும் மானப் பிரச்சினை. எனக்கு இதுதான் அதிகப் பயம் தருகிறது. லாபத்துக்குப் போருக்குப் போனவன் நஷ்டம் வந்தால் திரும்புவான். மானத்துக்குப் போனவன் எந்தக் கணக்கைப் பார்த்துத் திரும்புவான்?

உன் நாட்டை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதே. நம் வீட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது.

1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் இயக்கங்களுக்கு இந்திய உளவுத்துறை பயிற்சி கொடுத்தது. தமிழ்நாட்டில் முகாம்கள் இருந்தது ஊரறிந்த விஷயம். டெல்லி மட்டும் அப்படி எதுவுமே இல்லை என்று மறுத்துக்கொண்டிருந்தது. பிறகு 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். வடக்கும் கிழக்கும் இணையும், தமிழ் ஆட்சிமொழியாகும் என்றெல்லாம் அதில் இருந்தது. அவற்றைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் படிக்க வேண்டும். இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவமும் திருகோணமலைத் துறைமுகத்தைப் பயன்படுத்த விடக்கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சீரமைக்க வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இதெல்லாம் அந்தக் கடிதங்களில்தான். ரகசியமில்லை, அச்சில் வந்தவைதான். ஆனால் மேடையில் எவரும் எண்ணெய்த் தொட்டியைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளைக்காரன் கட்டிய அந்த 99 தொட்டிகளைப் பங்கிட்டு இரு நாடுகளும் கையெழுத்திட்டது 2022 ஜனவரியில். (1914இல் எம்டன் கப்பல் நம் துறைமுகத்தைச் சுட்டபோதும் பற்றி எரிந்தது எண்ணெய்த் தொட்டிகள்தான். அந்த ஒரு விஷயத்தில் டீக்கடைக்காரர்களை நான் முழுதாக மறுக்க மாட்டேன்.)

அந்த ஒப்பந்தத்தை ஒட்டி அமைதிப் படை என்ற பெயரில் இலங்கைக்குப் போன இந்திய வீரர்களில் ஏறக்குறைய 1,200 பேர் உயிரோடு திரும்பவில்லை. அங்கே செத்த தமிழர்களின் கணக்கை நீயே அறிவாய். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு நம் துறைமுகத்தில் வந்து இறங்கின. முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. நான் வேலையில் இருந்தேன். பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிமேல் ஒரு சிப்பாய் உட்கார்ந்திருந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். "தமிழர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொன்னார்கள். அங்கே எங்களைச் சுட்டவர்களும் தமிழர்கள். நீங்களும் தமிழர்தானே, எது சரி?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை. ஒப்பந்தக் கடிதங்களை நான் படித்தது பல வருடங்களுக்குப் பிறகு.

"அப்படியென்றால் எல்லாம் முடிந்த பிறகுதானே மாமா தெரிகிறது, அன்றைக்கே எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று மாப்பிள்ளை கேட்பார். அன்றைக்கே கேட்டவர்களும் இருந்தார்கள். 1964 ஆகஸ்ட் 4 இரவு வியட்நாமை ஒட்டிய டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்களை வட வியட்நாம் படகுகள் தாக்கியதாகச் சொன்னார்கள். அங்கிருந்த கப்பல்களின் தளபதியே சில மணி நேரத்தில் சந்தேகம் தெரிவித்துத் தந்தி அடித்தார். அப்படியொரு தாக்குதல் நடக்கவேயில்லை. ஆனாலும் மூன்றே நாளில் ஜான்சனுக்குப் போர் அதிகாரம் கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 416க்குப் பூஜ்யம். செனட்டில் 88க்கு 2. எதிர்த்த இருவர் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குருனிங். இருவருமே 1968இல் பதவியிழந்தார்கள். குருனிங்கைக் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் தோற்கடித்த மைக் கிராவல்தான் பிறகு 1971இல் பென்டகன் ஆவணங்களை நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏற்றியவர். விதியின் விளையாட்டைப் பார்!

அதே வேலையை 2001 செப்டம்பர் 14 அன்று பார்பரா லீ என்ற கீழவை உறுப்பினர் செய்தார். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ஜனாதிபதி புஷ்ஷுக்குப் போர் அதிகாரம் கொடுக்கும் தீர்மானத்தைக் கீழவையில் 420 பேர் ஆதரிக்க, அவர் ஒருவர் மட்டும் எதிர்த்தார். கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவல் போடும்படி ஆனது. ஆனால் 2002இல் அவருடைய தொகுதி மக்கள் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தொகுதியில்தான் நீ இப்போது குடியிருக்கும் ஓக்லாந்து இருந்தது.

உங்கள் தெருவில் அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்ட பெரியவர்கள் யாராவது இருப்பார்கள். என்ன நினைத்து அந்தம்மாளுக்குப் போட்டார்கள் என்று கேட்டு எனக்கு எழுது. போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா