குளத்துக்காகக் கிராம சபைக்கு வந்த அனைவருக்கும் நன்றி

அன்புள்ள ஊர் மக்களே,

இந்த ஆகஸ்ட் 15 கிராம சபையில் நம் குளத்தைத் தூர்வாரும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மகளிர் குழுக்கள், படிப்பகம், இளைஞர் மன்றம் எல்லோரும் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை செய்யும் அக்காமாருக்கு. கிடைத்த ஒரு லீவு நாளிலும் வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து, கடைசி வரை உட்கார்ந்திருந்தீர்கள். நம் ஊராட்சிக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். மீன்கூடையோடு போகும் வழியெல்லாம் வீடு வீடாகச் சொன்ன சேச்சிமாருக்கும், ஒரே அறிவிப்பை மைக்கில் வாசித்த கோயில், சர்ச், பள்ளிவாசல் கமிட்டியாருக்கும் மனமார்ந்த நன்றி.

வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், மனுவாக எழுதிக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியவர் படிப்பகத்து ஓய்வுபெற்ற சார். அந்த வழிகாட்டல்தான் எங்களைக் கரைசேர்த்தது.

ஒன்றை விரிவாகவே சொல்ல வேண்டும். தீர்மானத்தில் முதலில் ‘குளம் தூர்வார வேண்டும்’ என்று மட்டுமே எழுதியிருந்தது. மாற்றுத்திறனாளிகள் சங்கத்துத் தம்பி எழுந்து, எந்தக் குளம், சர்வே எண் என்ன, சானலிலிருந்து (பாசனக் கால்வாயிலிருந்து) வரும் ஓடையும் இதில் உண்டா என்று கேட்டார். எவ்வளவு பொருத்தமான கேள்வி! ஓடை அடைந்து கிடந்தால் குளத்தை எத்தனை அடி தோண்டினாலும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் வந்து சேராது. ஊராட்சிச் செயலர் எல்லாவற்றையும் சேர்த்தெழுதி, மைக்கில் மறுபடி வாசித்தார். அதன் பிறகே கையெழுத்து வாங்கினார்கள். அவர் பொறுமைக்குத் தலைவணங்குகிறோம். படியேற முடியாதவர்களுக்காகக் கூட்டத்தை மாடியிலிருந்து பள்ளி மைதானத்துக்கு மாற்றியதும் அவர்தான்.

2025 ஜனவரியில் தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தபோது, இனி நமக்காக யார் பேசுவார் என்று கலங்கியிருந்தோம். ஆனால் அவர்களுக்குப் பதிலாக ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலர் இந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவையும் பேசவிட்டுக் கேட்டார். அவருக்கும் நன்றி.

அடுத்த கூட்டம் அக்டோபர் 2. மதிப்பீடு தயாரானதா, நிதி எந்தத் திட்டத்தில் வருகிறது என்று அன்றைக்குக் கேட்கப் போகிறோம். குடிதண்ணீர்க் குழாய், தெருவிளக்கு என்று உங்கள் தெருவுக்குக் குறை இருந்தால், மனுவை முன்கூட்டியே படிப்பகத்தில் கொடுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் மாலையில் சார் அங்கேதான் இருப்பார்.

அன்புடன்,
குளம் பாதுகாப்புக்காகக் கூடிய ஊர்க் குழுக்கள்,
குருந்தன்கோடு ஒன்றியம், கன்னியாகுமரி மாவட்டம்