கிரேடில் இல்லாமல் பாமை ஹாட்சிங்க் செய்ய

கோத்தகிரி

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். கிரேடில் உடைந்துவிட்டது, பாமில் (உன் பழைய கையடக்கக் கணினியில்) இருப்பதைக் கணினிக்கு எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தாய். இங்கே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. காலையில் உறைபனி, பத்து மணிக்கு மேல் சுள்ளென்ற வெயில். கூடலூரில் உங்களுக்குத் தென்மேற்குதான் பெரிய மழை என்பதால், உன் பாமில் இருக்கும் மழைக் குறிப்புகள் என் கணக்கோடு ஒப்பிட எனக்கும் வேண்டும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாமை வைத்துக் கணினியோடு இணைக்கும் தாங்கிதானே கிரேடில், உடைந்தால் உடையட்டும். ஹாட்சிங்க் செய்ய, அதாவது பாமிலுள்ளதைக் கணினியோடு ஒத்திசைக்க, உன் பாம் த்ரீ எக்ஸ்இ-யின் தலைப்பக்கம் அகச்சிவப்பு ஒளியால் தகவல் அனுப்பும் கருஞ்சிவப்பு ஜன்னலே போதும்.

முதலில் பேட்டரியைப் பார். நீ எழுதி வைத்திருப்பதெல்லாம் 8 எம்பி ராமில் (மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தகவலை வைத்திருக்கும் நினைவகத்தில்) இருக்கிறது; செல் தீர்ந்தால் அத்தனையும் போய்விடும். புது ஆல்கலைன் டிரிபிள்-ஏ செல் இரண்டையும் உறை பிரித்துத் தயாராக வைத்துக்கொண்டு, அதன்பின் பழையதைக் கழற்று. ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

அகச்சிவப்புப் போர்ட் உள்ள பழைய விண்டோஸ் எக்ஸ்பி மடிக்கணினி ஒன்று தேடிப் பிடி. லினக்ஸ் வேண்டாம், அதன் 4.17 கெர்னலிலிருந்து இர்டா எனும் அகச்சிவப்பு இணைப்புக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) அந்தப் போர்ட் அணைந்திருந்தால் இயக்கு. பாம் டெஸ்க்டாப் மென்பொருளைக் கணினியில் நிறுவியபின் ஹாட்சிங்க் மேனேஜரில் 'இன்ஃப்ராரெட்' என்பதை டிக் செய். அடுத்து 'கஸ்டம்' போய், முதல் தடவைக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் 'ஹேண்ட்ஹெல்ட் ஓவர்ரைட்ஸ் டெஸ்க்டாப்' என்று வை. அந்தக் கணினியில் உன் பெயரில் பழைய தகவல் ஏதாவது கிடந்தால், அது உன் குறிப்புகளோடு கலந்துவிடக் கூடாது.

பாமில் ஹாட்சிங்கைத் திறந்து, 'லோக்கல்' தேர்ந்து, கீழே 'ஐஆர் டு ஏ பிசி/ஹேண்ட்ஹெல்ட்' என்று மாற்றி, நடு ஐகானைத் தட்டு.

இணைப்பு கிடைக்காவிட்டால் பெரும்பாலும் கோணத்தில்தான் கோளாறு. ஒளி நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 15 டிகிரிதான் விரிகிறது. 20 செ.மீ. தள்ளி வைத்தால் 5 செ.மீ. விலகினாலே எல்லைக்கு வந்துவிடும். மடிக்கணினியின் போர்ட் மேசையிலிருந்து சற்று உயரத்தில் இருக்கும். பாமுக்கு அடியில் ஒரு புத்தகம் வைத்து இரண்டு ஜன்னலையும் நேருக்கு நேர் கொண்டுவா. ஜன்னலோர மேசை கூடவே கூடாது. வெயிலிலும் குண்டு பல்பிலும் இதே அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால் வாங்கும் பக்கம் திணறிப்போகும். கண்ணாடியில் பூஞ்சையோ ஈரமோ படிந்திருக்கிறதா என்றும் பார். நம் மலையில் அதற்குக் கேட்கவா வேண்டும்! மெல்லிய துணியால் துடைத்தால் சரியாகிவிடும்.

பாம் ஒளி விடுகிறதா என்று தெரிய, ஹாட்சிங்க் தேடும்போது கைபேசியின் முன்பக்க கேமராவில் அந்த ஜன்னலைப் பார். வெளிர் ஊதாவாக மினுங்கினால் பாம் ஒளி விடுகிறது. முதலில் மடிக்கணினிப் பக்கம் கோளாறைத் தேடு.

வேகம் 115.2 கேபிபிஎஸ், அதாவது வினாடிக்குச் சுமார் 11 கேபி. 8 எம்பி-யும் நிறைந்திருந்தால் 12 நிமிடத்துக்குக் குறையாது. இரு பக்கமும் மாறி மாறித்தான் பேசும் என்பதால் இன்னும் கூடவே ஆகும். நடுவில் கையை நீட்டாதே.

முடிந்ததும் உன் பெயர்க் கோப்புறைக்குள் 'பேக்கப்' என்பதைத் திறந்து, மழைக் குறிப்பின் பிடிபி கோப்பு (பாமின் தகவல் கோப்பு) வந்திருக்கிறதா என்று பார். வெளியார் செய்த சில செயலிகள் தங்கள் கோப்பில் 'இதைப் பிரதி எடு' என்று சொல்லும் பேக்கப் குறியை இடுவதில்லை. அப்படியானால் ஹாட்சிங்க் அதைத் தொடாமலே விட்டுவிடும். வராவிட்டால் செயலியின் பெயரை எனக்கு எழுது, வேறு வழி சொல்கிறேன். அதுவரை பாமிலிருந்து எதையும் அழித்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்