எலுமிச்சை இலையில் ஒரு வெள்ளிக்கோடு

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தக்காளியை ஊசிப்புழு அழித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அது மனதை விட்டுப் போகவில்லை.

அந்தப் புழுவின் பெயருக்கு ஒரு கதை உண்டு. பெருவில் பிடித்த அந்துப்பூச்சிக்கு 1917-ல் 'ப்தோரிமியா அப்சொலூட்டா' என்று பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர். வேலை போக மிஞ்சிய நேரத்தில் 14,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்திருக்கிறார்! பின்னால் வந்தவர்கள் இதைப் பேரினம் (பெயரின் முதல் சொல்) பேரினமாக மாற்றினார்கள். 2014-ல் மகாராஷ்டிரத்தில் தென்பட்டபோது அதன் பெயர் 'டூட்டா அப்சொலூட்டா'. 2021-ல் மறுபடியும் மெய்ரிக் வைத்த பேரினத்துக்கே வந்துவிட்டது. இதை நான் குழப்பம் என்று சொல்ல மாட்டேன். நகத்தளவு சாம்பல் பூச்சிகள் எல்லாம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வயிற்றுப் பகுதியைக் காரக் கரைசலில் (ஆல்கலி) ஊறவைத்து, பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இப்போது டிஎன்ஏவும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு திருத்தமும் யாரோ பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததன் பலன்.

இந்த மாதிரிக் குட்டி அந்துப்பூச்சிகளை ஒன்றாகச் சேர்த்து 'சிறு அந்து' என்பதும் நம் வசதிக்கு வைத்த பேச்சுதான், உறவுமுறை இல்லை. அந்தக் கூட்டத்தில் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில், ஆஸ்திரேலியாவில் இறக்கையை விரித்தால் ஒரு சாண் இருக்கும் பூச்சி இருக்கிறது.

அப்புறம், நம் வீட்டு எலுமிச்சை. கொழுந்து இலையில் நத்தை ஊர்ந்தது போல வளைந்து வளைந்து வெள்ளிக்கோடு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கோட்டின் நடுவே நூல் மாதிரி கருப்பாகப் புழுவின் எச்சம். முனையில் தோலுக்கடியில் கால் இல்லாத தட்டையான புழு, சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இலை ஓரத்தை மடித்து அதற்குள்ளேயே கூட்டுப்புழுவானது. ஆறாம் நாள் காலை கண்ணாடிக் குப்பியில் ஒரு வெள்ளிப்பொட்டு. அரிசியில் பாதிகூட இல்லை. இறக்கை நுனியில் ஒரே ஒரு கருப்புப் புள்ளி. லென்ஸை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 1856-ல் கல்கத்தாவிலிருந்து போன பூச்சியைப் பார்த்துத்தான் இங்கிலாந்துப் பூச்சியியலாளர் ஸ்டெயின்டன் இதற்கு 'சிட்ரெல்லா' என்று பெயர் வைத்தார்.

உன் தக்காளிச் செடியில் கோடாக இருக்காது, கொப்புளம் மாதிரி திட்டாக இருக்கும். நாலு இலையைப் பறித்துப் பழைய நோட்டுக்குள் அழுத்திக் காயவைத்துவிடு. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
ராமநாதன்