கணவாயின் தோல் யாரிடம் பேசுகிறது?

அன்புள்ள குமரேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மகளுக்குச் சிரம்பானில் ஆசிரியர் பணி கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் எல்லாரையும் மகிழ்வித்தது. பினாங்கில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருக்கிறது. இருந்தாலும் கடல் சற்று அடங்கும் நாள்களில் பாயார் தீவுக்கு முக்குளிக்கப் போய்வருகிறேன். அங்கே எடுத்த கணவாய்ப் படங்களைப் பற்றி விரிவாக எழுதச் சொல்லியிருந்தாய்.

நீ உயிரியல் கற்பித்தவன் என்பதால் தோலிலிருந்தே தொடங்குகிறேன். மஞ்சள், செம்பழுப்பு, கரும்பழுப்பு ஆகிய நிறமிகளைக் கொண்ட நுண்ணிய பைகள் ஓட்டுக் கணவாயின் தோலெங்கும் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. பையைச் சுற்றியுள்ள தசைநார்கள் இழுத்தால் அது விரிந்து புள்ளியாகத் தெரியும். தளர்ந்தால் சுருங்கி மறையும். அந்தத் தசைகளை மூளை நரம்புகள் வழியாக நேரடியாக இயக்குவதால், ஒரு நொடிக்குள் உடல் முழுவதும் வேறு கோலம் பூண்டுவிடுகிறது. பைகளுக்கு அடியில் பச்சையும் நீலமுமாக மினுக்கும் செல்களும், வெண்மையைத் தரும் செல்களும் உள்ளன. இதைப் பார்க்கக் கடலுக்குள் இறங்கத்தான் வேண்டும் என்பதில்லை. சௌராஸ்தா சந்தையில், விடியற்காலையில் வந்திறங்கிய கணவாய் ஒன்று பனிக்கட்டியின்மேல் கிடந்தது. உயிர் போன பின்னும் அதன் தோலில் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. விரலால் தொட்ட இடத்தில் பழுப்பு நிறம் பரவியது. காஜாங் சந்தைக்குக் காலையிலேயே போனால் நீயும் பார்க்கலாம், ஓர் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு போ.

என்னை உலுக்கிய செய்தி, இவ்வளவு நிறம் காட்டும் இந்த உயிரினத்தின் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் நிறமிதான் உண்டு என்பது. நாம் உணர்வதுபோல் அது நிறங்களைப் பிரித்தறிவதாகத் தெரியவில்லை. ஆனால் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வையும், நம் கண்ணுக்குப் புலப்படாத, ஒளி அதிரும் திசையின் வேறுபாட்டையும் அது உணர்கிறது. நீருக்குள் இறங்க இறங்கச் சிவப்புதான் முதலில் மங்கும். பிளாஷ் அடித்தால் அந்தச் சிவப்பு படத்தில் திரும்பி வந்து எல்லாரையும் கவர்கிறது. அந்த அழகு நமக்கு உரியது, கணவாய்களுக்கிடையே நடக்கும் பேச்சில் அதற்குப் பங்கில்லை என்றே நான் கருதுகிறேன். அதனால் இப்போது படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் பார்க்கிறேன். நிறம் விலகியதும் வரிகளும் விளிம்புகளும் எடுப்பாகத் தெரிகின்றன. எந்தப் பக்கம் யாருக்குக் காட்டப்பட்டது என்பதும் தெளிகிறது.

பவழப்பாறை இடுக்கில் ஒரு பெண் கணவாய் முட்டையிட்டுக்கொண்டிருக்க, அருகே காவல் நின்ற ஆணை நோக்கி இன்னோர் ஆண் நெருங்கியது. காவல் நின்றதன் உடலில், வந்தவனைப் பார்த்த பக்கத்தில் மட்டும் கரிய வரிகள் சட்டென்று அழுத்தமாயின. அதன் கைகளில் ஒன்று அகலமாக விரிந்து நீண்டது. இரண்டும் பக்கவாட்டில் இணையாக நின்று ஒன்றையொன்று அளந்தன. கடியோ மோதலோ இல்லாமல் வந்தவன் வெளிறிப்போய் விலகினான். ஆஸ்திரேலியக் கடலில் வாழும் ஓர் இனத்தில் இது இன்னும் நுட்பமாக நடப்பதாக உயிரியலாளர் கல்லம் பிரவுனும் அவருடைய குழுவினரும் 2012இல் எழுதினார்கள்: ஆண், பெண்ணை நோக்கிய பக்கத்தில் தன் காதல் கோலத்தையும், போட்டி ஆணை நோக்கிய மறுபக்கத்தில் பெண்ணின் கோலத்தையும் ஒரே நேரத்தில் காட்டுகிறதாம். ஒரே உடலில் இரண்டு செய்திகள், இரண்டு பெறுநர்கள்!

ஆகவே தனித்த கணவாயின் அழகான படம் எனக்கு இப்போது நிறைவு தருவதில்லை. என்னைக் கண்டதும் அது காட்டும் கோலம் பெரும்பாலும் எனக்கான எச்சரிக்கைதான். மணலில் அசையாமல் கிடந்து, அது என்னைப் பொருட்படுத்தாத நிலைக்கு வரும்வரை காத்திருக்கிறேன்; பிளாஷைத் தவிர்க்கிறேன்; எதிரில் நிற்கும் கணவாயும் படச்சட்டத்துக்குள் வரும்படி விலகி எடுக்கிறேன்.

அந்த இரண்டு ஆண்களின் படங்களை, நிறத்தில் ஒன்றும் கறுப்பு வெள்ளையில் ஒன்றுமாக, இத்துடன் அனுப்புகிறேன். முதலில் கறுப்பு வெள்ளையைப் பார்த்து, எது காவல் நின்றது என்று எனக்கு எழுது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இங்கே வா, பாயாருக்குப் படகேறுவோம்.

அன்புடன்,
இராமநாதன்
பாயான் லெப்பாஸ், பினாங்கு