‘மேடம் மூடு எப்படி?’

ஆசிரியருக்கு வணக்கம்.

பணியிடத்தில் உணர்வு நுண்ணறிவு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கடைசி ஏழு ஆண்டுகள் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாகவும் இருந்தேன். அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஊழியர்களின் மனநிலையைப் புரிந்துகொண்டு அவர்களிடம் முழு வேலையையும் வாங்கும் கலை என்ற பொருளில்தான் கட்டுரை முழுக்கப் போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

உளவியலில் உணர்வு நுண்ணறிவுக்கு முறையான ஒரு வரையறை தந்தவர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனிப்பது, எது எந்த உணர்வு என்று பிரித்தறிவது, அப்படி அறிந்ததை வைத்துத் தன் எண்ணத்தையும் செயலையும் நடத்திக்கொள்வது என்று 1990இல் வந்த தங்கள் ஆய்வுக்கட்டுரையில் எழுதினார்கள். கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். மாற வேண்டியது தன் செயல். அடுத்தவரிடம் வேலை வாங்குவது பற்றி அந்த வரையறையில் பேச்சே இல்லை.

பார்க்கப் போனால், கீழே வேலை செய்பவர்களுக்குப் பிறர் மனநிலையைக் கவனிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலதிகாரி கதவைச் சாத்தும் சத்தத்திலேயே அன்றைய நாளைக் கணித்துவிடுவார்கள். இதை நான் தெரிந்துகொண்ட விதம் இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஒரு மாதம் சம்பளம் வங்கிக்குப் போன பிறகுதான் தெரிந்தது, ஒரு ஷிஃப்டில் எல்லோருக்கும் ஓவர்டைம் தொகை இரண்டு முறை ஏறியிருக்கிறது. கையில் வந்த பணத்தை அடுத்த மாதம் பிடிக்கப்போகிறோம் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல வேண்டிய நிலை. யாரும் கவனிக்கவில்லையா என்று பிரிவில் கேட்டேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி எழுந்து நின்றான். “திங்கட்கிழமையே பார்த்தேன் மேடம். சொல்லத்தான் வந்தேன். நீங்க போன்ல...” என்று இழுத்தான். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிரிண்ட்அவுட்டை எடுத்துக் கொடுத்தான். நான்காக மடித்திருந்தது. பிரித்துப் பார்த்தால், இரட்டிப்பாக ஏறிய பதிவுகளைச் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக வட்டமிட்டிருந்தான். என் அறை வாசல் வரை அதைக் கொண்டுவந்து, நான் போனில் யாரையோ கத்துவதைக் கேட்டு, மடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறான். சம்பளம் போக அப்போது இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அவனை நான் அதுவரை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்தது, பொறுப்பில் இருப்பவர் ஒருவர்மேல் காட்டும் கோபம் அந்த ஒருவரோடு நிற்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் அதில் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் ஆபீஸ் உதவியாளரிடம் “மேடம் மூடு எப்படி?” என்று விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்துக்கே வருவார்களாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விசாரிப்பேன், அவசரத்துக்கு லீவு கேட்டால் தருவேன். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். 1996இல் முடிவுகள் வெளிவந்தன. ஒற்றுமையாக வேலை செய்யும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல அவர் கண்டது. பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்ற குழுக்கள் மறைத்தன. என் பிரிவிலும் பல மாதங்கள் தவறே பதிவாகாமல் இருந்தது. நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மென்மையாகப் பேசினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எனக்கு மேலே இருந்த ஒருவர் குரலே உயர்த்த மாட்டார். ஆனால் நாம் சொன்ன தவறைக் குறித்துவைத்து ஆண்டு மதிப்பீட்டின்போது எடுத்து வைப்பார். இரண்டாம் ஆண்டிலிருந்து அவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை.

கோபத்தை அடக்கு என்று கட்டுரை சொல்கிறது. எனக்கு அடக்குவது கைவரவில்லை. வந்திருக்கும் உணர்ச்சியின் பெயரை வாய்விட்டுச் சொல்வது கைகொடுத்தது. உணர்ச்சியைச் சொல்லில் வைக்கும்போது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவதை ஆய்வாளர் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் ஸ்கேன் வழியாகக் காட்டினார்கள். “எனக்கு இப்போது கோபமாக இருக்கிறது, காரணம் நீங்கள் இல்லை, அரை மணி நேரம் கழித்துப் பேசலாமா?” என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். முதல் சில வாரங்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்கள். சொன்னபடி அரை மணியில் நானே அவர்கள் இடத்துக்குப் போய்க் கேட்டேன். போகாமல் விட்டிருந்தால் அதையும் சாக்கு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஒருநாள் போனில் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அதே தம்பி வாசலில் ஒரு தாளோடு நின்றான். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினேன். போகாமல் நின்றான், தாளை மடிக்கவும் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தலைமைப் பண்பு பற்றி எழுதும்போதெல்லாம் மேலாளர்களிடமே பேட்டி எடுக்கிறீர்கள். அடுத்த முறை அவர்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் பேசுங்கள். கடைசியாக ஒரு தவறு நடந்தபோது அதை மேலே சொல்ல எத்தனை நாள் ஆனது என்று மட்டும் கேளுங்கள். பெயர் போடாமல் வெளியிடுவதாக உறுதி கொடுத்தால் நிறையப் பேர் எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி