அப்பாவை அளந்த கைகளுக்கும் புரட்டிய கைகளுக்கும்

ஐசியு டாக்டர்கள், சிஸ்டர்கள், உதவியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிமோனியா என்றுதான் அப்பாவைச் சேர்த்தோம். இரண்டாம் நாள் எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாகத் தெரிந்தன. இதயத்தில் கோளாறில்லை, அழற்சியால் ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து காற்றுப்பைகளில் நீர் நிரம்பிவிட்டது, அதனால்தான் ஆக்ஸிஜன் ரத்தத்தில் ஏறவில்லை என்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். அந்த அவசரத்திலும் எங்களுக்காக ஒதுக்கிய பத்து நிமிடத்தை மறக்க மாட்டோம்.

வென்டிலேட்டர் போட்டதும் ஒரு சிஸ்டர் டேப்பை எடுத்து, படுத்திருந்த அப்பாவைத் தலையிலிருந்து குதிகால் வரை அளந்தார். எனக்குத் திக்கென்றது. உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருக்காது, உயரத்தை வைத்துத்தான் மூச்சின் அளவு என்று அவரே சொன்னார். அப்பா 82 கிலோ, 170 செ.மீ. அந்த உயரத்துக்குக் கணக்கில் எடுக்கும் எடை 66 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி வீதம் ஒரு மூச்சுக்கு 400 மில்லிகூட இல்லை. நீர் கோக்காத பகுதி கொஞ்சம்தான், அதில் காற்றைத் திணித்தால் அதுவும் கெடும் என்றார்கள்.

ஒரு காலத்தில் இதைப்போல் இருமடங்கு கொடுப்பதுதான் வழக்கமாம். அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் கிலோவுக்கு 12 மில்லியையும் 6 மில்லியையும் ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளிவந்தது. இறப்பு ஏறக்குறைய 40 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்திருந்தது. அந்த 861 பேரில் பலர் வீடு திரும்பவில்லை. முகம் தெரியாத அந்தக் குடும்பங்களுக்கும் என் நன்றி.

பிறகு, குப்புறப் படுக்கவைத்த நாட்கள். தலைமாட்டில் ஒருவர் குழாயை விடாமல் பிடித்துக்கொள்ள, இருபுறமும் நால்வர் நின்று, எண்ணிக்கை சொல்லி ஒரே வீச்சில் புரட்டினீர்கள். தினமும் 16 மணி நேரம் அப்படியே. முதுகுப்பக்கம் அமுங்கிக் கிடந்த நுரையீரல் விரிந்தது. மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு 84 மெல்ல 93 ஆனபோது ஒரு சிஸ்டர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். இடையிடையே முகத்தைத் திருப்பிவைத்து, கண்ணுக்கு மருந்திட்டு, கன்னத்துக்கடியில் மெத்தை சொருகினீர்களே, அதற்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வேன்!

கால் ஊன்றக் கற்றுத்தந்த பிசியோதெரபிஸ்ட் தம்பிக்கும் நன்றி.

அப்பாவுக்கு அந்த நாட்கள் எதுவும் நினைவில்லை. கன்னத்தில் லேசான தழும்பு ஏன் என்று நேற்று கேட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன்.

அன்புடன்,
9-ஆம் படுக்கைக்காரரின் மகள்